பரிசோதிக்கிறார்கள் என்று கணனிக்குத் தெரிந்துவிட்டால்

இன்று நாம் ஓட்டும் காருக்குள் சின்னச் சின்னக் கணனிகள் டசின் கணக்கில் இருக்கின்றன. பிறேக்கை மிதிப்பது நாம்தான். ஆனால் வீதி வழுக்கும்போது எந்தச் சில்லை எவ்வளவு இறுக்குவது என்று தீர்மானிப்பது கணனி. அதற்குள் இருக்கும் மென்பொருளை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது பொறியியலாளர்களின் விடயம் என்று விட்டுவிட முடியாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியில் ஓடுபவர்கள் நாம்.

சறுக்கலைச் சோதிக்க வடசுவீடனில் ஆர்யெப்லொக் பக்கத்து உறைந்த ஏரிகளுக்குக் கார்க் கம்பனிகள் போகின்றன. ஆனால் நேற்றைய பனி இன்று அப்படியே இருக்காது. 130 கி.மீ. வேகத்தில் ஒரு சில்லின் உணரி வயர் அறுந்தால் என்ன நடக்கும் என்று ஆளை இருத்தி ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்து.

ஆகவே பிறேக் கணனியை மட்டும் மேசையில் வைத்து, அதன் வயர்களை இன்னொரு பெரிய கணனியில் கொழுவுகிறார்கள். பெரிய கணனிதான் இங்கே கார், வீதி, பனி எல்லாம். சில்லு இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று பொய்யான மின்சமிக்ஞையை அனுப்பும். பிறேக் கணனி அதை நம்பிக் கட்டளை கொடுக்கும். அந்தக் கட்டளையால் கார் எப்படித் திரும்பியிருக்கும் என்று மில்லிசெக்கன் கணக்கில் கணித்து, அடுத்த பொய்யை அனுப்பும். ‘ஹார்ட்வெயர்-இன்-த-லூப்’ என்பது இதுதான். விடிய விடிய ஆயிரம் தரம் வயரை ‘அறுக்கலாம்’; ஒருவருக்கும் காயமில்லை.

இங்கே பொறியியலாளர் கணனியை ஏமாற்றுகிறார். கணனி அதைக் கண்டுபிடித்தால்?

அதுதான் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் நடந்தது. புகைப் பரிசோதனையும் ஒரு பாவனை வீதிதான்: உருளைகளின் மேல் சில்லு சுற்றும், கார் நகராது, வேக அட்டவணை முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். ஸ்டியரிங் நிலை, வேகம், எஞ்சின் ஓடும் நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, ‘இது பரிசோதனை’ என்று எஞ்சின் மென்பொருள் ஊகித்தது. அந்த நேரம் மட்டும் ஒழுங்காக நடந்தது. கணக்காய்வாளர் வரும் திகதி தெரிந்த கடைகளை எங்கள் தொழிலில் நாங்கள் கண்டிருக்கிறோம். அன்றைக்குக் காசுப் பெட்டி சதம் பிசகாது.

பிடித்தவர்கள் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தினர். அளவிடும் கருவியைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு உண்மையான வீதியில் ஓடினார்கள்; ஒரு கார் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாற்றில் வரை போய்த் திரும்பியது. உருளையில் சித்தியடைந்த அதே கார்கள் வீதியில் வரம்பைப் பல மடங்கு தாண்டி நைதரசன் ஒட்சைட்டைக் கக்கின. அறிக்கை 2014இல் வந்தது. 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் குற்றத்தை அறிவித்தபோது, சில நிலைமைகளில் அது 40 மடங்கு வரை என்றது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பனியே ஒத்துக்கொண்டது.

பாவனைச் சோதனையைக் கைவிட முடியாது. அறுந்த வயரை வேறெங்கும் இப்படிப் பார்க்க இயலாது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டெம்பரிலிருந்து புதிய கார் வகைகளுக்கு உருளையோடு வீதிப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. தொடக்கத்தில் வீதியில் ஆய்வுகூட வரம்பின் 2.1 மடங்கு வரை அனுமதி. வரவு செலவுக் கணக்கில் இப்படியொரு சலுகையை எங்களுக்கு எந்த வரித் திணைக்களமும் தந்ததில்லை.