பயமுறுத்தும் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

வருங்காலத்தில் உலகமே கெட்டுப் போவதாகவும், இயந்திரங்கள் மனிதனை ஆட்டி வைப்பதாகவும் வரும் விஞ்ஞானக் கதைகளைப் பிள்ளைகள் கையில் கண்டாலே நம்மில் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 'ராத்திரி தூங்காம அலறப் போறே, தூக்கிப் போடு அதை' என்று அதட்டி விடுகிறோம். என்னைக் கேட்டால், கதை எந்த உருவத்தில் வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பேன்.

முதலில் காமிக்ஸ். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. 1962-ல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் பிறந்த பாத்திரம் அது. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக் கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆளே மறைந்து, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்! திருவொற்றியூரில் பழைய பேப்பர் கடையிலிருந்து அண்ணன் வாங்கி வரும் காமிக்ஸ்களை நானும் விடமாட்டேன். பயமான கட்டம் வந்தால் உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குத் தாவி விடுவேன். குழந்தை தன் பயத்தைத் தானே அளந்து கொள்ள காமிக்ஸ் இடம் கொடுக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: மின்சாரத்தைத் தொட்டால் மாயாவி ஆகலாம் என்று சின்னதுகள் நம்பிவிடக் கூடாது. பிளக்கில் விரல் வைக்காதே என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லி விடுங்கள்.

அடுத்தது நாவல். எழுத்தாளர் சுஜாதா ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா'வை நம்மைப் போன்ற தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டும். ஜீவா என்ற தலைவரின் ஆட்சியில் பெயருக்குக் கூட இரண்டெழுத்துதான் அனுமதி. குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசாங்கம் உத்தரவு தர வேண்டும்! அந்த உத்தரவுக்காக ஏங்குகிறவள்தான் கதாநாயகி நிலா. கணவன் காணாமல் போக, ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி அவளுக்குத் துணை வருகிறது. ஜீவா யார் என்ற மர்மத்தை நான் உடைக்கப் போவதில்லை! 'இப்படியும் நடக்குமா?' என்கிறீர்களா? 1975-77 நெருக்கடி நிலையில் நம் நாட்டிலேயே கட்டாயக் கருத்தடை நடந்தது. சீனாவில் 1980 முதல் 2015 வரை 'ஒரு குழந்தை' விதி இருந்தது. இந்த நாவல், தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. படித்தபோது என் மனதில் இருந்த ஜீனோ வேறு, திரையில் வந்த ஜீனோ வேறு. புத்தகத்தில் வரும் பயம், படிக்கிறவர் மனம் தாங்கும் அளவுக்குத்தான் வளரும்.

சினிமா அப்படியில்லை. சுஜாதாவின் எழுத்துப் பங்களிப்போடு, அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 2010-ல் வந்த 'எந்திர'னிலும் யோசிக்கத் தெரிந்த இயந்திரம்தான். ஆனால் இருட்டு அரங்கில், இடி போன்ற சத்தத்தில், அதே ரோபோ நூற்றுக்கணக்கில் திரண்டு வரும்போது ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கண்ணை மூடினாலும் காதில் விழுமே! இப்போது யு/ஏ சான்றிதழிலேயே 7, 13, 16 வயது என்று பிரித்துக் காட்டுகிறார்கள். டிக்கெட் எடுக்குமுன் அதைப் பார்த்து விடுங்கள்.

எங்கள் வடசென்னைத் தாய்மார்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கதையில் வரும் ஆபத்து சில சமயம் வாசலுக்கே வந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக நடு இரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். மறுநாள் என் மகன், "ஏம்மா, இது நெசமாவா? அந்தக் குழாயை யாரு பாத்துக்கிறாங்க?" என்று கேட்டான். பத்து வயதில் அந்தக் கேள்வியை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவை அவன் படித்த கதைகள்தான் என்று எனக்குத் தோன்றியது. 'ஒண்ணுமில்லடா' என்று மழுப்பாமல், அது என்ன வாயு என்று சொன்னேன். கசிந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும், வாயு வரும் காற்றின் போக்கிலேயே ஓடாமல் பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். விஷயம் தெரிந்த பிறகு பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான்.

கடைசியாகச் சில குறிப்புகள்: இந்தக் கதைகளைப் பகலில் படிக்கக் கொடுங்கள். முதலில் நீங்கள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். படித்து முடித்ததும், 'எந்த இடத்துல பயந்தே?' என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள், சிரித்து விடாதீர்கள். தொடர்ந்து சில நாள் தூக்கம் கெட்டால் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்துக் கொடுங்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் நீங்களும் இரண்டு பக்கம் படியுங்களேன். பிள்ளையிடம் பேச விஷயம் கிடைக்கும்!