துருவுக்கு வழி பிறந்தது; துளைப்பானுக்கு?

சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இன்று ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டை வரை பரவியிருக்கும் அந்தச் செடி, தொடக்கம் முதலே அயலார் அறிவையும் நம்பி வளர்ந்தது.

1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கே காப்பியையே ஒழித்து, தேயிலைக்கு இடம்விட்டது. அதற்கு மருந்து தேடிய கதையில் நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கின. துருப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு என்று 1930களில் காட்டியவர் கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் ஆய்வு நிலையத்தில் இருந்த மேய்ன். திமோர் தீவில் அராபிகா, ரொபஸ்டா என்ற இரு காப்பி வகைகள் தானாகக் கலந்து பிறந்த செடியை வைத்து, போர்ச்சுகலின் ஒயிராஸ் காப்பித்துரு ஆய்வு மையம் நோய் தாங்கும் ஒட்டுவகைகளை உருவாக்கிப் பல நாடுகளுக்கு விதை அனுப்பியது. அந்த வழியில் வந்ததுதான் 1985இல் நமக்குக் கிடைத்த 'காவேரி' ரகம். பாலெஹொன்னூரின் எஸ்.795 ரகமோ இந்தோனேசியாவில் வேரூன்றியது.

இப்போது அந்த வேலையில் பன்னாட்டுக் கம்பெனிகளும் இறங்கியுள்ளன. காப்பி வறுக்கும் நிறுவனங்கள் பணம் போட்டு 2012இல் தொடங்கிய 'உலகக் காப்பி ஆராய்ச்சி' அமைப்பு, 2022இல் பல நாடுகளை இணைத்து 'இன்னோவியா' என்ற இனப்பெருக்கத் திட்டத்தை ஏற்படுத்தியது. இந்தியாவும் அதில் உண்டு. கடையில் போட்டி போடுகிறவர்கள் விதையில் கூட்டுச் சேர்வதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் நம் அராபிகாவின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். பிரேசிலிலும் கொலம்பியாவிலும் அது இல்லை; ஆசியாவின் தொல்லை. வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் வண்டு முட்டையிடும். புழு உள்ளே குடைந்து செடியையே சாய்க்கும். நிழல் மரங்களைக் காப்பது, பட்டையைச் சுரண்டித் தேய்ப்பது, ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் பருவங்களில் வண்டு பறக்கத் தொடங்குமுன் தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பது: இவை கையில் இருக்கும் முக்கிய வழிகள். எல்லா நாட்டுக்கும் பொதுவான துருவுக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் இதற்குத் தானாக வந்துவிடாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேட்க வேண்டியது காப்பி வாரியம். இன்னோவியாவின் புது ரகங்களின் சோதனையில் துளைப்பானைத் தாங்கும் திறனையும் சேர்க்கச் சொல்லட்டும். முடிவுகளைத் தமிழில் ஏற்காட்டுச் சிறு விவசாயிகளிடம் கொண்டு வரட்டும். எந்தச் சரிவில் எந்த நிழலில் செடி தப்பியது என்று அவர்கள் சொல்வதையும் பதிவுசெய்து ஆய்வாளர்களுக்கு அனுப்பட்டும்.