பொழிமுகத்து இருளும் கையடக்க டார்ச்சும்

தொலைவுக்கு ஒளி பாய்ச்சும் டார்ச் லைட் என்பது, தன்னிடம் உள்ள ஒளியைச் சிதறவிடாமல் ஒடுங்கிய கற்றையாகத் திரட்டி அனுப்பும் கைவிளக்கு. வீட்டு முற்றத்தில் பிடிக்கும் டார்ச்சுக்கு வெளிச்சத்தின் அகலம் வேண்டும். தொலைவு டார்ச்சுக்கு வெளிச்சத்தின் நீளம் வேண்டும். குழித்துறைத் தாமிரபரணி அரபிக்கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்தில் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. அங்கே பொழிமுகத்தை ஒட்டி மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. பெருங்கற்களைக் குவித்துக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவே மணல் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அந்த மணல்மேட்டில் அலை மடிந்து உடைகிறது. அண்மை ஆண்டுகளில் அவ்விடத்தில் வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அந்த ஆபத்தை டார்ச் தீர்க்காது. மணலைத் தூர்வாருவதும் சுவரைச் சரியாக அமைப்பதும் தான் தீர்வு. ஆனால் விடியுமுன் புறப்படும் ஃபைபர் வள்ளத்திலிருந்து, சுவரின் கல் எங்கே முடிகிறது, அலை எங்கே வெளுத்து உடைகிறது என்று உரிய நேரத்தில் காட்டுவதற்கு ஒரு நல்ல டார்ச் உதவும்.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் கண்ணில் படும் எண் லூமன். பலர் அதைப் பார்த்தே வாங்குகிறார்கள். தொலைவு வேண்டுபவர் ஏமாறுவது இங்கேதான். விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிவரும் மொத்த ஒளியின் அளவு லூமன். ஒரே திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்லும் அளவு கேண்டெலா. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்தால் நீர் தூரத்துத் தென்னை வரை பாய்கிறது. விரலை எடுத்தால் காலடியிலேயே விழுகிறது. லூமன் நீரின் அளவு என்றால் கேண்டெலா அது பாயும் வேகம். 500 லூமன் கொண்ட இரண்டு டார்ச்சுகளில் ஒன்று 5,000 கேண்டெலாவும் மற்றது 60,000 கேண்டெலாவும் தரலாம். முன்னதன் தொலைவு சுமார் 140 மீட்டர். பின்னதன் தொலைவு 490 மீட்டர்.

இந்த மீட்டர் கணக்குக்கு ஒரு பொது விதி உண்டு. 2009-இல் அமெரிக்காவில் வெளியான எஃப்.எல்.1 என்னும் தரவிதி, டார்ச்சின் ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குத் தேயும் இடம்வரை உள்ள தூரத்தையே அதன் தொலைவு என்று வரையறுக்கிறது. தெளிந்த வானத்தில் பௌர்ணமி நிலா தரையில் தரும் வெளிச்சம் ஏறக்குறைய அவ்வளவே. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தொலைவு மீட்டரில் கிடைக்கும்: 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000 கேண்டெலாவுக்கு 400 மீட்டர். கேண்டெலா நான்கு மடங்கு ஆனால்தான் தொலைவு இரண்டு மடங்காகிறது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகக் குறையும் என்ற இயற்கை விதியே இதற்குக் காரணம்.

நிலவொளி அளவு வெளிச்சத்தில், அசையும் வள்ளத்தில் நின்றுகொண்டு 400 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கருங்கல்லை எவராலும் பிரித்தறிய முடியாது. பெட்டியில் போட்ட தூரத்தில் பாதியைத்தான் பயன்படும் தூரமாகக் கொள்ள வேண்டும். அந்தப் பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்காகி 1 லக்ஸ் கிடைக்கிறது. கல்லும் நுரையும் அடையாளம் தெரியும்.

கேண்டெலாவைக் கூட்டும் வழிகள் இரண்டு. ஒன்று, ஒளி உமிழும் எல்.இ.டி. சில்லு சிறியதாகவும் மிகப் பிரகாசமாகவும் இருக்க வேண்டும். சில்லின் மேல் வழக்கமாக இருக்கும் குமிழ் மூடி இல்லாத தட்டையான வகைகள் இதற்கென்றே செய்யப்படுகின்றன. பல சில்லுகளை ஒரே தட்டில் நெருக்கி வைத்தால் லூமன் ஏறும். ஆனால் ஒளி விரிந்துபோகும். மற்றொன்று, ஒளியைத் திரட்டும் கிண்ணம், அதாவது பிரதிபலிப்பான், அகலமாக இருக்க வேண்டும். ஒரே சில்லுக்கு 25 மி.மீ. கிண்ணத்தை மாற்றி 50 மி.மீ. கிண்ணம் வைத்தால் பரப்பு நான்கு மடங்காகிறது, தொலைவு இரட்டிக்கிறது. ஆகவே சட்டைப்பையில் அடங்கும் உருவத்தையும் கிலோமீட்டர் தொலைவையும் ஒருசேர வாக்களிக்கும் மலிவு டார்ச்சை நம்பவே கூடாது. 35 முதல் 40 மி.மீ. வரை தலை அகலம் உள்ளதே கையடக்கத்துக்கும் தொலைவுக்கும் பொருத்தமான நடுவழி. நீல லேசர் கதிரைப் பாஸ்பர் மீது பாய்ச்சி வெள்ளொளி ஆக்கும் புதுவகை டார்ச்சுகள் சிறிய உருவிலேயே கிலோமீட்டர் தாண்டுகின்றன. ஆனால் விலை அதிகம். கற்றையும் கயிறுபோல் மெலிந்திருப்பதால், ஆடும் வள்ளத்தில் தேடிப் பார்ப்பதற்கு உதவாது.

தலையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் ஜூம் டார்ச்சுகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. கற்றையைக் குறுக்கும்போது அவற்றில் ஒளியின் பெரும்பகுதி உள்ளேயே வீணாகிறது. அதைவிடப் பெரிய குறை, சறுக்கும் தலை ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளிழுப்பது. கடலோரத்தில் அந்தக் காற்றோடு உப்பும் ஈரமும் சேர்ந்தே உள்ளே போகும். கடல் வேலைக்கு நிலையான தலை கொண்டதே ஏற்றது.

கடல்தூவலும் மூடுபனியும் தொலைவை மேலும் குறைக்கின்றன. காற்றில் மிதக்கும் துளிகள் ஒளியைப் பார்ப்பவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்ப, எதிரே வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். அப்போது வெளிச்சத்தைக் கூட்டினால் திரையும் கூடும். டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே, உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் திரை ஓரளவு விலகும். கற்றையைச் சுற்றி வழியும் ஒளி குறைவாக உள்ள டார்ச் இங்கே நன்றாக வேலை செய்யும். நீலம் பாய்ந்த வெள்ளையைவிட 5,000 கெல்வினுக்கு நெருங்கிய வெள்ளையொளியில் கல்லும் கலங்கல் நீரும் தெளிவாக வேறுபடும்.

அடுத்தது பேட்டரி. இன்றைய கையடக்க டார்ச்சுகள் 18650 அல்லது 21700 எனப்படும் லித்தியம் அயன் செல்லில் ஓடுகின்றன. எண்களே அளவைச் சொல்கின்றன: முன்னதற்கு 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்; பின்னதற்கு 21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நல்ல 18650 செல்லின் கொள்ளளவு சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி; 21700 செல்லுக்குச் சுமார் 5,000. 18650 செல்லில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது போலி. எடைபோட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்: உண்மையான 18650 செல் பொதுவாகச் சுமார் 45 கிராம் இருக்கும்.

சிறிய உலோக உடல் வெப்பத்தை வேகமாக வெளியேற்றாது. அதனால் உச்ச வெளிச்சம் சில நிமிடங்களில் தானாகவே இறங்கும். எஃப்.எல்.1 விதிப்படி லூமன் அளக்கப்படுவது, விளக்கைப் போட்ட 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள். ஓடும் நேரம் என்று போடுவதோ, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகும்வரை உள்ள மொத்த நேரம். ஆகவே உச்ச எண்ணைவிட, ஒரு மணி நேரம் மாறாமல் எரியும் நடு நிலையின் கேண்டெலா எவ்வளவு என்று கேட்பதே சரி.

நீர்த் தடுப்புக்கான ஐ.பி.எக்ஸ்.7 குறிக்கு, ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள், ஐ.பி.எக்ஸ்.8 அதற்கும் மேல். இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பின் அரிப்பை அது அளப்பதில்லை. கரை திரும்பியதும் டார்ச்சை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். மூடி இணையும் இடத்து ரப்பர் வளையத்துக்குச் சிலிகோன் கிரீஸ் பூச வேண்டும். கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. நாள்பட்டால் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். சார்ஜ் செய்யும் துளை உடலிலேயே உள்ள டார்ச்சில் முதலில் நீர் புகும் இடம் அந்தத் துளையின் ரப்பர் மூடிதான். செல்லைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் செய்யும் வகை கடலில் நீடித்து உழைக்கும். வள்ளத்தில் ஒரு கை எஞ்சின் பிடியில் இருக்கும். எனவே ஈரக் கையால் தடவி அறியக்கூடிய பின்பக்க ஸ்விட்ச் வேண்டும். அதை அழுத்தியதும் மின்னி மிரட்டாமல் நேராக எரிய வேண்டும். உலோக டார்ச் நீரில் மிதக்காது. மணிக்கட்டில் கயிறு கட்டாமல் அதை வள்ளத்துக்குக் கொண்டுபோவது வீண்.

கடலில் டார்ச்சுக்குச் சட்ட இடமும் உண்டு. கப்பல்கள் மோதாமல் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள், துடுப்பு வலித்துச் செல்லும் கலமும் 7 மீட்டருக்குக் குறைந்த பாய்மரக் கலமும் முறையான விளக்குகளை வைக்க முடியாவிட்டால், வெள்ளை ஒளி தரும் மின்டார்ச்சோ ஏற்றிய விளக்கோ கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைத்து, மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்னதாகவே காட்ட வேண்டும் என்கின்றன. எஞ்சின் வள்ளத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்கு உரிய விளக்குகள் எரிந்தாக வேண்டும். எதிர்க்கலத்தின் போக்கில் ஐயம் எழுந்தால், ஊதல் எச்சரிக்கைக்குத் துணையாக ஐந்து முறைக்குக் குறையாமல் விரைவாக ஒளியை மின்னிக் காட்டலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

மனிதக் கண் இருளுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. அதைக் கெடுக்க ஒரு விநாடிக் கற்றை போதும். பொழிமுகத்தில் எதிரே வரும் வள்ளத்தில் எஞ்சினைப் பிடித்திருப்பவரின் முகத்தில் ஒளியைப் பாய்ச்சாமல், நீரின் மேலும் சுவர்க் கல்லின் மேலும் மட்டுமே பாய்ச்சுங்கள்.