மேடையில் நிற்கும் காருக்கு முன்பணம் கட்டுவோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் இன்னும் தயாரிப்புக்கே வராத காருக்கு முன்பணம் கட்டுவதும், நிறுவனம் கவிழ்ந்த பிறகு ரசீதைத் தேடுவதும் தொடர்ந்து நடக்கிறது. ஃபிஸ்கர் என்ற கார் நிறுவனம் 2012 ஏப்ரலில் நியூயார்க்கில் 'அட்லாண்டிக்' என்ற ப்ளக்-இன் ஹைப்ரிட் செடானைக் காட்டியது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில், ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய ஆலையில் அது தயாராகும் என்று முன்பே சொல்லியிருந்தது. ஆனால் அந்தத் திட்டத்துக்கான அரசுக் கடன் முந்தைய ஆண்டே நின்றிருந்தது. ஆலைப் பணியாளர்களும் பிப்ரவரியிலேயே நீக்கப்பட்டிருந்தார்கள். தேதி தள்ளிக்கொண்டே போனது. 2013 நவம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அந்த ஆலையிலிருந்து ஒரு ஃபிஸ்கர் கார்கூட விற்பனைக்கு வரவில்லை.

'அரசே கடன் கொடுத்திருக்கிறதே, பயமென்ன?' என்பார்கள். அரசு ஒப்புக்கொண்டது சுமார் 52.9 கோடி டாலர், கொடுத்தது ஏறத்தாழ 19.2 கோடி, இழந்தது 13 கோடிக்கும் மேல். பிணை பெற்றுக் கடன் கொடுத்த அரசுக்கே இந்த நிலை. பிணையுள்ள கடன்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் முன்பணம் கட்டியவரின் முறை வரும். 'திருப்பித் தரப்படும்' என்று ரசீதில் அச்சிட்டிருப்பதையும் நம்பி உட்கார வேண்டாம். பணம் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கப்படாவிட்டால், திவாலானபின் அந்த வரி உங்களைக் கடன்காரர் பட்டியலில் சேர்க்கும், அவ்வளவுதான். பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். முன்பணம் இல்லாமல் புதுத் தொழில்நுட்பம் வளராது என்ற வாதமும் உண்டு. பங்கு வாங்குபவர் லாபத்தை எதிர்பார்த்து நட்டத்துக்குத் துணிகிறார். கார் கேட்டவருக்கு அந்த லாபம் கிடையாதே, நட்டத்தை மட்டும் அவர் ஏன் சுமக்க வேண்டும்?

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்னபடி பொருள் வரவில்லை என்று அந்தத் தொகை உள்ள முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்குக் கிடைக்கும்படி எழுத்து மூலம் தெரிவிக்கலாம். பில்லில் தகராறுகளுக்கென்று போட்டிருக்கும் முகவரிக்கே அனுப்புங்கள். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பாதீர்கள். கெடு கடந்திருந்தாலும் வங்கியைக் கேட்டுப் பாருங்கள். கார்டு நிறுவனங்களின் விதிகள் சில சமயம் கூடுதல் அவகாசம் தரும்.

நிறுவனம் திவாலாகிவிட்டால் நிரப்ப வேண்டியது படிவம் 410, அதாவது கோரிக்கை மனு. நீதிமன்ற அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியைத் தவறவிட்டால் பெரும்பாலும் பணம் போனதுதான். அந்த அறிவிப்பைச் சாமானியருக்குப் புரியாத சட்ட மொழியில் அனுப்புவது அதிகாரிகளின் குற்றம். அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுவது நம் குற்றம். படிவத்தின் 12-ஆம் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். சொந்த, குடும்ப உபயோகத்துக்கான முன்பணம் என்ற கட்டத்தைக் குறித்தால், குறிப்பிட்ட வரம்புவரை முன்னுரிமை கோரலாம். ஃபிஸ்கர் திவாலானபோது அந்த வரம்பு 2,775 டாலர். 2025 ஏப்ரல் முதல் தொடங்கும் வழக்குகளுக்கு 3,800. அதற்கு மேலுள்ள தொகை பிணையில்லாக் கடனோடு சேரும். ரசீதின் மூலத்தை அனுப்பாதீர்கள், நகல் போதும். தபாலில் அனுப்பினால், மனுவின் கூடுதல் பிரதியோடு தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையையும் வையுங்கள். தேதி முத்திரையிட்ட பிரதி திரும்பி வரும். கடைசித் தேதியை மறுபடியும் சரிபாருங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் என்பதால், வீடு மாறினால் புது முகவரியை எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் காசோலை பழைய வீட்டுக்குத்தான் போகும்.