எந்தக் கணினி, எந்த வார்டில்?

லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியினருக்கு அவசரமென்றால் பக்கத்துப் பிளெய்ஸ்டோவில் உள்ள நியூஹாம் மருத்துவமனைதான். அதை நடத்தும் பார்ட்ஸ் ஹெல்த், 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற பணயத் தீம்பொருளின் தாக்குதலில் சிக்கியது. ஆம்புலன்ஸ்கள் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பப்பட்டன. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஆனால் திருத்தம் கையில் இருந்தால் போதுமா? அது போய்ச் சேராத கணினி எந்த வார்டில் இருக்கிறது, அதை அணைத்தால் யாருடைய வேலை நிற்கும் என்பதும் தெரிய வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை வைக்கத் தோதான இடம், பலரும் காலியாக விட்டுவிடும் ஒரு பெட்டி: வலையமைப்பு டைரக்டரியில் ஒவ்வொரு கணினிக்கும் இருக்கும் விவரிப்பு.

விண்டோஸ் 2000 உடன் வந்த, மைக்ரோசாஃப்டின் இத்தகைய டைரக்டரியான ஆக்டிவ் டைரக்டரியில் இன்றும் கணினிப் பெயரை 15 எழுத்துக்குள் அடக்குவதே வழக்கம். அதில் கட்டடம், மாடி, பிரிவு எல்லாவற்றையும் திணித்தால், வைத்தவருக்கே பிறகு புரியாது. விவரிப்பில் ‘எக்ஸ்ரே அறை, வரவேற்பு மேசை’ என்றே எழுதலாம். டைரக்டரியில் தேட உதவும் எல்டாப் நெறிமுறை வழியே ‘எக்ஸ்ரே’ என்ற சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரக் குறியிட்டுத் தேடினால் அந்தக் கணினிகள் வந்து நிற்கும். தேடல் பார்ப்பது எழுத்தைத்தான், பொருளை அல்ல. ஒருவர் ‘ஓபி’ என்றும் இன்னொருவர் ‘வெளிநோயாளர்’ என்றும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். முன்னால் நட்சத்திரம் வந்தால், அதற்கென்றே தனி அட்டவணை அமைக்காதவரை, பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருக்கும். இன்னொரு பொறியும் உண்டு: கணினியின் சொந்த அமைப்புகளில் எழுதும் விவரிப்பு வேறு, டைரக்டரியில் இருப்பது வேறு. முன்னதை எழுதிவிட்டுப் பின்னதில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

மனிதர் எழுதுவது பழசாகிவிடும், கணினியே தன்னைப் பற்றிச் சொல்லட்டுமே என்பார்கள். பாதி நியாயம்தான். இயங்குதளம் எதுவென்பதைக் கணினியே டைரக்டரியில் பதிகிறது. கடைசியாக எப்போது உள்நுழைந்தது என்பதும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஆனால் தான் இருப்பது கணக்குப் பிரிவிலா, ஸ்கேன் அறையிலா என்பது அதற்குத் தெரியாதே! தனிச் சொத்துப் பதிவேடு வைக்கலாம் என்பது அடுத்த வாதம். வைக்கட்டும், ஆனால் டைரக்டரியில் தேடிக் கிடைத்த பட்டியலை அப்படியே அடுத்த கட்டளைக்குக் கொடுத்து வேலையை முடிக்கலாம், பதிவேட்டிலிருந்தோ பெயர்களை முதலில் தனியே எடுக்க வேண்டும். வலுவான ஆட்சேபம் பாதுகாப்பைப் பற்றியது. இயல்பான அமைப்பில், உள்நுழைந்த எந்தப் பயனரும் விவரிப்பைப் படிக்க முடியும். ஊடுருவியவர்கள் அங்கே கடவுச்சொல் தேடுவதும் தெரிந்த கதையே. அதற்காகப் பெட்டியைக் காலியாக விட வேண்டியதில்லை. அறை, பிரிவு, பயன்பாடு இவற்றை ஒரே சொற்பட்டியலிலிருந்து எழுதினால் போதும். கடவுச்சொல்லை எழுதி வைப்பவரிடமிருந்து எழுதும் உரிமையையே பறித்துவிடலாம்.