பித்தப்பைக் கல்லும் வாழைத்தண்டும்

தேவதானப்பட்டியிலிருந்து கம்பம் வரை வாழைக்குப் பஞ்சமில்லை. வயிற்றில் கல் இருப்பதாக ஸ்கேன் சொன்ன மறுநாளே வீட்டு மிக்சியில் வாழைத்தண்டு ஓடத் தொடங்கிவிடும். கல் சிறுநீரகத்திலா, பித்தப்பையிலா என்று கேட்பவர் குறைவு. சிறுநீரகத்தில் இருப்பது சிறிய கல் என்றால், நிறையத் தண்ணீர் குடிக்கும்போது சிறுநீரோடு வெளியேறலாம். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது. கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பை, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய் வழியாகப் பித்தநாளத்தோடு சேர்கிறது. எந்தச் சாற்றைக் குடித்தாலும் அது பைக்குள் போய்க் கல்லை அலசப் போவதில்லை. அதிர்வலையால் உடைக்கலாமே என்றால், உடைந்த துண்டுகளும் அந்தக் குறுகிய குழாயில்தான் இறங்க வேண்டும். வழியில் சிக்கினால் தொல்லை இன்னும் பெரிது.

"குடித்தேன், வலி போய்விட்டதே" என்பார்கள். பொய்யில்லை, போயிருக்கும். எண்ணெய்ப் பலகாரம் உள்ளே போனதும் பித்தப்பை சுருங்குகிறது. கல் பையின் வாயை அடைக்கிறது. மேல்வயிற்றில் பிடிக்கும் வலி வலது தோள்பட்டை வரைகூடப் போகும். (இதை வாயுத் தொல்லை என்று சோடா குடித்தே வருடக்கணக்கில் சமாளிப்பவர்கள் உண்டு.) சில மணி நேரத்தில் கல் விலகினால் வலி தானாக அடங்கும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் பெருமை அதற்கே. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து, மறுநாள் பச்சை உருண்டைகள் வெளியேறியதைக் காட்டுபவர்களுக்கு 2005இல் 'லான்செட்' மருத்துவ இதழ் பதில் தந்தது. அப்படி ஒரு பெண்ணிடமிருந்து வந்த 'கற்களை' ஆய்வகத்தில் சோதித்தபோது, அவற்றில் கொலஸ்ட்ராலோ பித்த நிறமியோ இல்லை. பெரும்பகுதி கொழுப்பு அமிலம். குடித்த எண்ணெயே குடலில் சோப்பாகத் திரண்டிருந்தது. அவருடைய உண்மையான கற்களை அறுவைச் சிகிச்சையில்தான் எடுத்தார்கள்.

கரைக்கும் மாத்திரை இல்லையா? இருக்கிறது. ஆனால் அது சுண்ணாம்பு படியாத, சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டும். வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்கள் அதிகம்; தென்னிந்தியர்களிடம் நிறமிக் கற்களின் பங்கு கூடுதல், அவை இந்த மாத்திரைக்குக் கரைவதில்லை. கல் கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்தாண்டுக்குள் கல் திரும்ப வருகிறது. கல்லை உருவாக்கும் பை உள்ளேயே இருக்கிறதல்லவா? 1882இல் பெர்லினில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் கார்ல் லாங்கன்பூக் பையையே அகற்றியது இந்தக் காரணத்தால்தான். பை போனால் செரிமானம் என்னாகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதில் 50 மில்லி அளவைச் சேமித்து வைக்கும் இடம் மட்டுமே. சிலருக்குக் கொஞ்ச காலம் வயிறு இளகிப் போகும். மற்றபடி வழக்கமான சாப்பாடுதான்.

அதற்காக, ஸ்கேனில் கல் தெரிந்தவரையெல்லாம் அறுவை மேசையில் ஏற்றுவதும் தவறு. வலியே இல்லாத கற்களில் பெரும்பாலானவை கடைசிவரை தொல்லை தருவதில்லை. மிகப் பெரிய கல், சுவரில் சுண்ணாம்பு படிந்த பை போன்ற சில நிலைகளைத் தவிர, அவற்றைச் சும்மா விடலாம். வலி வந்து போனவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு அது மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது, கல்லால் வரும் காமாலைக்கும் கீழாநெல்லியை நம்பிக் காத்திருப்பது. வைரஸால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானே இறங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். கல் பித்தநாளத்தில் இறங்கி அடைத்தாலும் கண் மஞ்சளாகும்; ஆனால் அந்த அடைப்பை எந்தப் பச்சிலையும் எடுக்காது. நாளத்தில் சீழ் பிடிக்கலாம், கணையம் வீங்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்து அடைப்பை நீக்கினால் பிழைக்கலாம். நாள் தள்ளினால் கடினம். காமாலையோடு மேல்வயிற்று வலியும் குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் பத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். பழைய ஸ்கேன் அறிக்கையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும்.