கடல் கடந்து செல்லும் குழந்தை



பெற்றவள் ஒருத்தி, வளர்ப்பவள் ஒருத்தி என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. தேவகி பெற்ற கண்ணனை யசோதை வளர்த்தாள். நம் மேகமலைக்கு அப்பாலுள்ள திருவில்லிபுத்தூரில், துளசி வனத்தில் கண்டெடுத்த ஆண்டாளைப் பெரியாழ்வார் தம் மகளாக வளர்த்தார். ஆனால், பிறந்த நாடு ஒன்று, வளரும் நாடு வேறொன்று என்றால் அக்குழந்தைக்குக் காவல் யார்? இதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

பண்டை நாளில் குடும்பத்தின் தேவைக்காகவே தத்து எடுத்தனர். ஈமக்கடன் செய்யவும் நிலபுலங்களை ஆளவும் மகன் வேண்டும் என்று கருதினர். பெண் குழந்தையையும் தத்து எடுக்க 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் வழி செய்தது. எனினும் அச்சட்டம் பிற சமயத்து அயல்நாட்டார்க்குப் பொருந்தவில்லை. அவர்கள் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி குழந்தையைப் பெற்று, தம் நாட்டிற்குக் கொண்டு சென்ற பின்னரே தத்து எடுத்தனர். இந்த இடைவெளியில் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் கேட்பார் யார்?

இலட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் 1982-இல் உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதி இக்குறையை முறையிட்டார். 1984-இல் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு, குழந்தைக்கு முதலில் இந்நாட்டிலேயே இல்லம் தேட வேண்டும், கிடைக்காதபோதே வெளிநாட்டை நாட வேண்டும் என்று நெறி வகுத்தது. 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் இதனை வலியுறுத்துகிறது. இந்தியா 2003-இல் அதனை ஏற்றது.

இச்செய்தி நம் பள்ளத்தாக்கிற்கும் உரியதே. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெற்றோர் தம் குழந்தையை ஒப்படைக்க விரும்பினால், குழந்தைகள் நலக் குழுவின் முன் சென்று எழுதிக் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற அவர்களுக்கு 60 நாட்கள் உண்டு. வறுமையும் அச்சமும் ஒருங்கே அழுத்தும் வேளையில் ஒரு தாய் எடுத்த முடிவு, அன்றே இறுதி முடிவாகிவிடலாகாது அல்லவா?

அதன் பின்னரே குழந்தை தத்துக்கு உரியது என்று குழு அறிவிக்கும். அயல்நாட்டுத் தம்பதியர் தம் நாட்டின் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வழியே விண்ணப்பிப்பர். அவர்தம் இல்லம், வருவாய், உடல்நலம் யாவும் ஆராயப்படும். நம் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் தடையின்மைச் சான்று வழங்க வேண்டும். தத்து ஆணையை 2022 முதல் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். குழந்தை சென்ற பின்னரும் ஈராண்டு அதன் நலம் பற்றிய அறிக்கைகள் வந்து சேர வேண்டும். நம்மவர் அயல்நாட்டுக் குழந்தையைத் தத்து எடுக்க எண்ணினாலும் இவ்வாணையத்தின் ஒப்புதல் தேவை.

இத்துணைப் படிகள் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வர். கடத்தப்பட்ட குழந்தைகள் ஆதரவற்றவர் என்ற பெயரில் வெளிநாட்டிற்குத் தத்துக் கொடுக்கப்பட்ட செய்தி 2005-இல் சென்னையில் வெளிப்பட்டது. குழந்தையைத் தேடி அழுத தாய்மாரை எண்ணுங்கள். தாமதத்தின் பொருள் விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் பெயர் எழுதும்போது, "ஐயா, இவன் எடுத்து வளர்த்த பிள்ளை, அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்று பெற்றோர் மெல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அன்பை நான் ஐயுற்றதில்லை. ஆயினும் தன் வேரை அறிய விரும்புவது மனித இயல்பு. தத்துப் பிள்ளை 18 வயது நிறைந்தபின் தன் பிறப்பைப் பற்றி அறிய விண்ணப்பிக்க இன்றைய விதிகள் இடம் தருகின்றன. பெற்ற தாயின் அந்தரங்கமும் காக்கப்படுகிறது. ஏடுகள் ஒழுங்காக இருந்தால்தான் இவ்வுரிமை பயன்படும். கைமாற்றாகக் கொடுத்த குழந்தைக்கு ஏடும் இல்லை, வேரும் இல்லை.

நண்பர்களே! உங்கள் தெருவில் எவரேனும் குழந்தையை இரகசியமாகக் கொடுக்கவோ வாங்கவோ முயல்வதாக அறிந்தால், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணில் தெரிவியுங்கள். உங்களோடு படிப்பவர் தத்துப் பிள்ளை என்றால் அதனை ஏளனப் பேச்சாக்காதீர்கள். ஓர் இல்லத்திற்குக் குழந்தை தேடுவது பழைய வழக்கம். ஒரு குழந்தைக்கு இல்லம் தேடுவதே இன்றைய அறம்.